பின் வீட்டு மணி

உம்முடைய பச்சை நூலை மறுபடியும் கண்டேன். பன்னிரண்டு நாளுக்கு முன், என் அறையிலிருக்கும் பெரிய அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்தபோது, பின்னால் அந்தப் பழைய மண்ணிறத் தொலைபேசிப் பெட்டி. அதிலிருந்து புறப்படும் இரண்டு வயர்களில் ஒன்றின் கழுத்தில் நீர் சுற்றிவிட்ட நூல். தூசும் சிலந்தி வலையும் மூடியும் நிறம் போகவில்லை. ஆறு சுற்று, கடைசியில் தையல் ரீச்சரான உம்முடைய முடிச்சு. இப்போது அது இந்தக் கடதாசிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீர் இறந்துபோய் ஆறு வருடம். உமக்கு எழுத வேண்டுமென்று இதுவரை தோன்றியதில்லை. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்று எழுதுவது, உமக்குக் கொடுத்த வாக்கு ஒன்றை மீறிவிட்டேன் என்று சொல்வதற்கு. மீறியது ஒரு பிழை என்றால், மீறுவதற்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், எடுத்தது அதைவிடப் பெரிய பிழை. அந்த மூன்று கிழமையும் என்னுடையவை அல்ல, தம்பியுடையவை.

தம்பியை உமக்குத் தெரியும். அம்மாவுக்குப் பிறகு நான் வளர்த்த பிள்ளை, பிறகு மெல்பேர்ணுக்குப் போய் ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் எடுத்துக்கொண்டிருந்தவன். போன வருடம் அவன் தொண்டையில் ஒரு கட்டி. வெட்டி எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. இந்த வருடம் நோய் திரும்பி வந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, கிழமைக் கணக்குத்தான் என்று டொக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாவுக்குப் போட்டேன். இன்னும் பதில் இல்லை. ஆகவே அவனும் நானும் ஒன்றாக இருக்கக்கூடிய இடம் இந்த மடிக்கணினியின் திரை ஒன்றுதான்.

குரல் இல்லாதவனோடு தொலைபேசியில் என்ன கதைப்பது? முகம் வேண்டும். நான் கேட்பேன். அவன் ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவான். களைத்துப்போனால் விரல்: ஒரு விரல் ஓம், இரண்டு விரல் இல்லை. அவன் மனைவி, என் மச்சாள், பக்கத்திலிருந்து கமராவைப் பிடிப்பா.

வெள்ளவத்தையில் நம் சின்ன ஒழுங்கையை இப்போது பார்த்தால் உமக்கு அடையாளம் தெரியாது. நாலு பக்கமும் அடுக்குமாடி எழும்பிவிட்டது. கிணற்றுக்குள் இருப்பதுபோல் நடுவில் என் வீடும், அதன் பின்னால் பூட்டிக் கிடக்கும் உம்முடைய வீடும். கைத்தொலைபேசிக்கு முற்றத்தில் நின்றால் ஒரு கோடு சிக்னல், உள்ளே அதுவும் இல்லை. புதிய ஃபைபர் லைன் பிரதான காலி வீதி வரை வந்துவிட்டது, ஒழுங்கைக்குள்ளும் வரும் வரும் என்கிறார்கள். அதுவரை எனக்கு இன்ரநெற் வருவது பழைய தொலைபேசிக் கம்பியில்தான். நீரும் நானும் பகிர்ந்த அதே லைன், அதே நம்பர்.

ஒரு காலை. "கஞ்சி குடிச்சியோ?" என்று கேட்டேன். அவன் கண்ணை மூடினான். மூடியபடியே படம் நின்றது. மச்சாளைக் கூப்பிட்டேன். சத்தமில்லை. திரையில் தம்பி கண்மூடி, வாய் சற்றுத் திறந்தபடி, அசையாமல். நின்றது லைனா, அவனா? ரவுட்டரின் விளக்குகளைப் பார்த்தேன், அவன் நெஞ்சைப் பார்த்தேன், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். அப்படி நாலு நிமிடம். தொண்ணூறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆய்வுகூடம் நடத்தியவள் நான். அன்று மேசையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு படம் துண்டு துண்டாகச் சேர்ந்தது. அவன் பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தான். எழுத்துகள் எல்லாம் சதுரம் சதுரமாகக் கலைந்திருந்தன.

"பெரிசா எழுதடா," என்றேன். எழுதினான். அதுவும் கலைந்தது. லைன் முழுதாக அறுந்தது. மத்தியானம் மச்சாள் அந்தப் பலகையைப் படமெடுத்து அனுப்பியிருந்தா. "நீ அழுறது மட்டும் வடிவாத் தெரியுது" என்று எழுதியிருந்தான்.

படமெடுத்து அனுப்பலாம்தான். ஆனால் காலையில் கேட்ட கேள்விக்கு மத்தியானம் பதில் வந்தால் அது கதைப்பது அல்லவே. ஒருநாள் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்கே போனேன். சிக்னல் இருந்தது. வெயிலில் திரை கறுப்பாகக் கிடந்தது. காற்றில் நான் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. ஒரு ரயில் போனது. அதைப் பார்த்து அவன் சிரித்தான் என்று மச்சாள் பிறகு சொன்னா. அந்தச் சிரிப்பை நான் காணவில்லை.

ஒரு அப்பியாசக் கொப்பி எடுத்தேன். "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றது எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னதை எனக்கே சொன்னேன். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திப் பார்த்தேன், மாற்றமில்லை. ரவுட்டரை ஜன்னலடிக்குக் கொண்டுபோனேன், மாற்றமில்லை. பாமன்கடைப் பக்கத்துக் கடையொன்றில் புதிய கேபிளும், தொலைபேசியையும் இன்ரநெற்றையும் பிரித்துவிடும் அந்தச் சின்ன ஃபில்டர் பெட்டியும் வாங்கி மாட்டினேன், மாற்றமில்லை. மழை பெய்தால் மோசம் என்று ஒரு வரி. தொலைபேசி மணி அடித்தால் இன்ரநெற் அறுகிறது என்று இன்னொரு வரி. அந்த இரண்டு வரியையும் வைத்து ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும், பிழை கம்பியில் என்று. எந்தக் கம்பி என்பதும் எனக்குத் தெரியும். கொப்பியில் எழுதாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

கம்பனியிலிருந்து ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். வெளியே கம்பத்தில் ஏறிப் பார்த்து, அங்கே வேகம் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குள் வந்த பிறகுதான் விழுகிறது என்றார். "மிஸ், வெனத் லைன் எகக் தியெனவாத?" என்று கேட்டார். வேறு லைன் ஏதும் இழுத்திருக்கிறதா என்று.

"நே," என்றேன், இல்லையென்று.

யோசிக்க முதல் வாய் சொல்லிவிட்டது. அலுமாரிக்குப் பின்னால் பார்க்கலாமா என்றார். முழுக்கப் புத்தகம், நகர்த்த ஏலாது என்றேன். ஒரு கிழமை கழித்து இன்னொருவர் வந்து, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரையே புதிதாக மாற்றினார். அவரும் கேட்டார். அவருக்கும் "நே." அப்படியானால் ஃபைபர் வரும்வரை பொறுங்கள் மிஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். பொறுக்கலாம். தம்பியால் பொறுக்க முடியாதே.

ஏன் பொய் சொன்னேன் என்று உமக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் என் மனம் ஆறும்.

உம்முடைய வீட்டில் தொலைபேசி இல்லை. அந்த நாளில் ஒரு லைனுக்கு விண்ணப்பித்தால், பிறக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதாகிவிடும். அதனால் உம்முடைய மகனும் எல்லோருக்கும் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தான். மருதானையில் வகுப்புக்குப் போன பிள்ளை அன்று பின்னேரம் திரும்பி வரவில்லை. பொலிஸ், முகாம், சிறைச்சாலை என்று எந்த வாசலில் நாங்கள் நிற்கவில்லை? எங்கும் அவனுடைய பெயர் இல்லை. பிறகு நீர் என் ஹோலில், தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டீர். "அவனுக்குப் பாடமாத் தெரிஞ்சது இந்த ஒரு நம்பர்தான்," என்றீர். ஐந்து நாள். சோற்றைக் கதிரைக்குக் கொண்டுவந்தேன். நீர் குளிக்கப் போகவில்லை, மணி அடித்துவிடும் என்ற பயம்.

தம்பி அப்போது இங்கே என்னோடு. ரேடியோ திருத்துகிற வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆறாம் நாள் ஒரு சுருள் வயரோடு வந்து உம்முன் குந்தினான்.

"ரீச்சரக்கா, நீங்கள் உங்கட கட்டில்ல போய்ப் படுங்கோ. மணியை நான் அங்க கொண்டுவாறன்."

அறையிலிருந்த பெட்டியிலிருந்து ஒரு கிளை எடுத்து, ஜன்னல் சட்டத்தைத் துளைத்து, நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிற்றோடு கயிறாகச் சுற்றி, உம்முடைய கட்டில் தலைமாட்டுக்குக் கொண்டுபோனான். எங்கேயோ ஒரு பழைய தொலைபேசி வாங்கி வந்து மாட்டினான். ஒரே நம்பருக்கு இரண்டு வீட்டிலும் மணி அடித்தது. வெள்ளவத்தையில் அப்படி எத்தனை வீடு இருந்தன! யாரும் வெளியே சொல்வதில்லை.

நீர் தையல் பெட்டியோடு வந்து, பச்சை நூலால் அந்த வயரின் கழுத்தைச் சுற்றினீர். "பிழையா ஆரும் கழட்டிப்போடாமல் அடையாளம்," என்றீர். பிறகு என் கையைப் பிடித்தீர். "ரெண்டு வீட்டிலயும் அடிக்கவேணும். ஒரு வீட்டில ஆள் இல்லாட்டியும் மற்ற வீட்டில இருக்கும். நான் செத்தாலும் இதைக் கழட்டாதையும்."

"கழட்டன்," என்றேன்.

அனுமதி இல்லாமல் இரண்டு தமிழ் வீடுகளுக்கு நடுவில் ஒரு வயர். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அதற்கு என்ன விளக்கம் கொடுப்பது? ஒருநாள் சோதனைக்கு வந்த ஆமிக்காரப் பொடியன் கொடிக்கயிற்றையே உற்றுப் பார்த்தான். அது என்ன வயர் என்று என்னிடம் கேட்டான். நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. நீர் உள்ளேயிருந்து ஈரச் சேலையைத் தூக்கிக்கொண்டு வந்து, அவன் மூக்குக்கு முன்னால் உதறி அந்தக் கொடியில் போட்டீர். "வயர் நே, மல்லி," என்றீர், வயர் இல்லைத் தம்பி என்று. அவன் முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவர்கள் ஒழுங்கை முனையைத் தாண்டும் வரை நின்றுவிட்டுப் படியில் விழுந்து சிரித்தோம். சிரிப்பா நடுக்கமா என்று தெரியாது.

"சயன்ஸ் ரீச்சருக்குப் பொய் சொல்லத் தெரியேல்லை," என்றீர். "இனி ஆர் கேட்டாலும் 'நே' எண்டு மட்டும் சொல்லும். விளக்கம் வேண்டாம். நீர் உதாரணம் சொல்ல வெளிக்கிட்டால் ரெண்டுபேரையும் உள்ளுக்குப் போட்டிடுவாங்கள்."

நல்ல மாணவியாகப் படித்துக்கொண்டேன். இவ்வளவு வருடம் கழித்தும், ஸ்குரூ ட்ரைவரோடு வந்த ஒரு நல்ல மனிதர் கேட்டபோது அந்தச் சொல்தான் வந்தது. என்னை யார் இனி உள்ளே போடப்போகிறார்கள்? தெரிந்தும் வந்தது. பயத்துக்குப் பின்னால் உமக்குக் கொடுத்த வாக்கும் நின்றது. இரண்டில் எது முதலில் வாயைத் திறந்தது என்று இன்றும் எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அந்த லைனில் நாம் கதைத்த கதைகள்! மணி அடித்தால் இரண்டு பேரும் எடுப்போம். "வையும், எனக்கு." "இல்லை, நீர் வையும், அதிபர் எனக்கெல்லே எடுக்கிறார்." பள்ளிக்கூட அதிபரே ஒருநாள் கேட்டார், உங்களுடைய வீட்டில் யாரோ மூச்சு விடுகிறார்கள் ரீச்சர் என்று. தம்பி வெளிநாடு போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் ஒரே லைனில். நான் அவனோடு கதைத்துக்கொண்டிருக்க நடுவில் உம்முடைய குரல் வரும்: "தம்பி, அக்கா பொய் சொல்லுறா, அவவுக்குக் காய்ச்சல்."

பிழையான நம்பர் வந்தால்தான் நீர் வேறு ஆள். மற்றவர்கள் "றோங் நம்பர்" என்று வைத்துவிடுவார்கள். நீர் வைக்கமாட்டீர். "ஆர் கதைக்கிறது? எங்கையிருந்து?" என்று கேட்பீர். சிங்களத்தில் பேசினால் சிங்களத்தில் கேட்பீர். எதிரிலிருப்பவர் எரிச்சலோடு வைக்கும் வரை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருப்பீர். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "கதைக்கப் பயந்துகொண்டு நிக்கிற பிள்ளையா இருந்தால்? நான் முதல்ல வைக்கக் கூடாது," என்றீர்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாளும் அதைத்தான் கேட்டீர். "மணி அடிச்சதோ?" இல்லை என்றேன். உமக்கு நான் பொய் சொன்னதில்லை. அன்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ என்று ஆறு வருடமாக யோசிக்கிறேன்.

மூன்றாவதாக வந்தவர் மருதானையில் தொலைபேசியும் ரவுட்டரும் திருத்துகிற கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணர், எல்லோருக்கும் நானா. அவருடைய மகள் என்னிடம் படித்தவள். நான் எடுத்துக் கெஞ்சியபோது கடையைப் பூட்டிவிட்டு வந்தார். அந்தக் காலைதான் தம்பிக்குப் பேனை பிடிக்க முடியாமல் போனது. முதல் கிழமை வரி வரியாக எழுதியவன். இரண்டாம் கிழமை ஒவ்வொரு சொல். அன்று மச்சாள் பலகையை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தா. எழுதக்கூடிய கை இருந்தபோது எனக்கு வாசிக்கக்கூடிய லைன் இருக்கவில்லை.

நானா எல்லாவற்றையும் பார்த்தார். கொப்பியையும் வாசித்தார். "டீச்சர், வேற எங்கயாச்சும் வயர் இழுத்து ஈக்கிதா?"

"இல்லை," என்றேன். தமிழில் சொன்னது ஒன்றுதான் வித்தியாசம்.

"மணி அடிச்சா அறுந்து போகுதுண்டு எழுதி ஈக்கிறீங்களே. அடிச்சிப் பாப்பம்." தன் கைத்தொலைபேசியோடு முற்றத்தில் போய், சிக்னல் பிடித்து, என் நம்பருக்கு அடித்தார். ஹோலில் மணி அடித்தது. ரவுட்டரின் விளக்கு அணைந்தது. நானா ரவுட்டரைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு பின்பக்கச் சுவரைப் பார்த்தார்.

"டீச்சர், அந்தப் பூட்டின வீட்டுல ஆரு ஈக்கிறா?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப அங்கயும் மணி அடிக்கிதே?"

அடித்துக்கொண்டுதான் இருந்தது. உம்முடைய மணி, பூட்டிய வீட்டுக்குள், பழைய காலத்து உலோக மணி, ஹோலிலிருக்கும் என்னுடையதைவிட உரத்து. அவர் நிறுத்தவில்லை. அடிக்க விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் முற்றத்துப் படியில் இருந்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். உம்மை, உம்முடைய மகனை, நூலை, வாக்கை. நான் முடித்ததும் அவர் அலுமாரியிலிருந்த புத்தகங்களை ஒன்றொன்றாக எடுத்துக் கட்டிலில் அடுக்கத் தொடங்கினார்.

பெட்டியைத் திறந்து, நூல் சுற்றிய சோடியைக் காட்டினார். "இன்டர்நெட்டு சிக்னல் ரவுட்டருக்கு மட்டும் போகல்ல டீச்சர். இந்தக் கெளயிலயும் ஓடுது. அந்தப் பக்கம் ஃபில்டர் இல்லாத ஒரு பழைய போன். கொடியில மழ தண்ணி பட்டு வயரும் தோல் உரிஞ்சி ஈக்கிது. சிக்னல் போய் முட்டித் திரும்பி வருது."

"வெறும் வகுப்பறைக்குப் பக்கத்தில் படிப்பிக்கிற மாதிரி," என்றேன். "நான் சொல்லுறது அங்க போய் எதிரொலிச்சு என்ர வகுப்புக்கே திரும்பி வரும். பிள்ளையளுக்கு எது என்ர குரல், எது எதிரொலி எண்டு விளங்காது."

"அதேதான்!" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவ்வளவு வெளங்கின நீங்க ஏன் டீச்சர் மூணு கெழம பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

அதற்கு மட்டும் என்னிடம் உதாரணம் இல்லை.

அவர் அந்தச் சோடியை வெட்டவில்லை. ஸ்குரூவைத் தளர்த்திக் கழற்றி, பெட்டிக்கு வெளியே மடித்து வைத்தார். "இப்ப பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. திருப்பிப் போடுறதா வெட்டுறதாண்டு நான் முடிவெடுக்க ஏலாது." ரவுட்டர் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. வேகம் பத்து மடங்கு.

மெல்பேர்ணுக்கு எடுத்தேன். படம் தெளிவாக வந்தது. எவ்வளவு தெளிவென்றால், மூன்று கிழமையாகச் சதுரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது எல்லாம் ஒரேயடியாகத் தெரிந்தது. கன்னம் இல்லை. கழுத்து எலும்புக்கு மேலே துடிக்கிற நரம்பு தெரிந்தது. தலையணையில் தலை எவ்வளவு சிறிதாக இருந்தது! கலங்கிய படத்தில் நான் என் பழைய தம்பியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவன் கண் என்னைப் பிடித்துக்கொண்டது, அசைந்தது. என் கண் போகிற பக்கமெல்லாம் அவன் கண்ணும் உடனே வந்தது.

"தெரியுறனோ?" என்று கேட்டேன். ஒரு விரல்.

"தம்பி, பின் வீட்டு வயர். நீ இழுத்தது. அதுதான் பிழை. கழட்டிப்போட்டன்." விரல் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தான். "கழட்டமாட்டன் எண்டு ரீச்சரக்காவுக்குச் சொன்னனான். உனக்குத் தெரியுமெல்லே. திருப்பிப் போட்டால் உன்ர முகம் போயிடும். வெட்டினால்..." திரைக்குக் கிட்டப் போனேன். "வெட்டட்டோ?"

ஒரு விரல். உடனே இரண்டு விரல். பிறகு, மச்சாள் தடுக்கத் தடுக்க, கையை மெல்ல மெல்லத் தூக்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்தான், ரிசீவர் பிடிப்பதுபோல். கை விழுந்தது. மறுபடி தூக்கி, விரலால் திரையை, என்னைக் காட்டினான்.

"ரெலிபோனோ? அவவின்ர ரெலிபோனோ?" ஒரு விரல்.

"அதை எடுக்கச் சொல்லுறியோ?" ஒரு விரல்.

"எடுத்து... இஞ்ச கொண்டுவரட்டோ? என்னட்டையோ?" ஒரு விரல். அந்த ஒரு விரலை அவன் கீழே விடவேயில்லை.

நானா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மாஷா அல்லாஹ், ஒங்கட தம்பிதான் டெக்னீசியன்," என்றார். "ஒரு ஃபில்டருக்குப் பின்னால ரெண்டு போனும் போடலாம். ரெண்டு மணியும் அடிக்கும், இன்டர்நெட்டும் அறாது. வயர்தான் பிரச்சின டீச்சர், மணி இல்ல."

உம்முடைய வீட்டுச் சாவி என்னிடம்தானே. திறந்தேன். கட்டில் தலைமாட்டில் அது இருந்தது. அதற்குக் கீழே நீர் விரித்த பின்னல் துணி. ரிசீவரின் நடுவில், நீர் பிடித்துப் பிடித்து, கறுப்பு வழுவழுத்துப்போயிருந்தது. நானா துணியோடு சேர்த்து இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். திரும்பி வந்து, பிஸ்மில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வயரை வெட்டினார். வெட்டினபோது சத்தம் ஒன்றும் வரவில்லை. அதற்கே நான் இவ்வளவு நாள் பயந்திருக்கிறேன். நூலை நான்தான் அவிழ்த்தேன். உம்முடைய முடிச்சு அவிழ அரைமணி நேரம் எடுத்தது. கத்தரிக்கோல் தரட்டா என்று நானா கேட்டார். வேண்டாம் என்றேன்.

அந்த மூன்று கிழமை திரும்பி வராது. அந்தக் கை எழுதியிருக்கக்கூடியவை என்னவென்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. நான் கேட்கிற கேள்விகளுக்கு ஓமும் இல்லையும் மட்டும்தான் மிச்சம். எனக்குக் கேட்கத் தெரியாத எதையோ அவன் சொல்ல வைத்திருந்தால்? ஒவ்வொரு நாளும் புதிது புதிதாகக் கேள்வி தேடுகிறேன். சின்ன வயதில் உனக்கு அடித்தது நினைவிருக்கோ? ஒரு விரல். கோபமோ? இரண்டு விரல். அம்மாவின் முகம் ஞாபகமிருக்கோ? அதற்கு விரல் வரவில்லை. பொறுத்துப் பார்த்தேன். அன்று படம் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும், போர்வை ஏறி இறங்கியது. அவன் யோசித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். நல்ல லைனில் மௌனத்தையும் வாசிக்கலாம்.

விரல் எழும்ப நேரம் எடுக்கிறது, நேற்றைவிட இன்று அதிகம்.

இன்று காலை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் மணி அடித்தது. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டும் ஒன்றாக அடித்தன, என்னுடையது கீச்சென்று, உம்முடையது கணீரென்று. பழக்கத்தில் ரவுட்டரைப் பார்த்தேன். விளக்கு அணையவில்லை. திரையில் தம்பி கண்ணைத் திறந்தான். உம்முடைய மணியை அவனுக்குத் தெரியும், அவன் வாங்கி வந்த மணி அல்லவா? வாயின் ஒரு பக்கம் மேலே போனது. இந்தச் சிரிப்பை நான் கண்டேன்.

உம்முடைய ரிசீவரைத்தான் எடுத்தேன். ஒரு ஆண்குரல், சிங்களம், ஒரு மருந்துக்கடையைக் கேட்டது. பிழையான நம்பர். "ஆர் கதைக்கிறது? எங்கையிருந்து?" என்று கேட்டேன், அவருடைய மொழியில். அவருக்கு விளங்கவில்லை. இது மருந்துக்கடை இல்லையா என்று மறுபடி கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுக் காதில் வைத்தபடியே இருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பஸ்ஸின் சத்தம், பிறகு அவர் வைத்த சத்தம், பிறகு லைனின் நீண்ட ஊதல். எல்லாவற்றையும் கேட்ட பிறகுதான் ரிசீவரைப் பின்னல் துணியில் வைத்தேன்.

திரையில் தம்பி விரலைத் தூக்கிக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

இப்போதெல்லாம் அவனோடு கதைத்து முடித்தும் சிவப்புப் பொத்தானை நான் அழுத்துவதில்லை. மச்சாள் அந்தப் பக்கத்தில் நிறுத்தும் வரை பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.